அம்மாவின் 219 நாள் பேரும் ஒரு போக்குவரத்துச் சான்றிதழும்

ஒரு போக்குவரத்துச் சான்றிதழ் வகுப்புக்கு 2022 ஜனவரியில் கட்டிய முதல் தவணைக்கான ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. 47,500 ரூபா. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த சீட்டும் அதோடு ஒரே உறைக்குள் கிடக்கிறது. சங்கிலி திரும்பி வந்துவிட்டது. சீட்டைக் கிழிக்கத்தான் மனம் வரவில்லை.

நான் இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரம் வர்த்தகப் பிரிவில் எடுத்தேன், பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எட்டவில்லை. ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. மாதம் 25,000. பில் போடுவதுதான் வேலை என்று பெயர். கடைக்குச் சீமெந்தும் கம்பியும் ஏற்றி வரும் லொறிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பதுதான் உண்மையான வேலை. எந்த லொறி எங்கே நிற்கிறது, ஏன் பாதி லோடு வந்தது, போன மாதத்தைவிட வாடகை ஏன் கூடியது என்று எல்லாவற்றையும் முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். ஒரு வருடத்தில் எனக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. யாருடைய லொறி எந்த வளைவில் சூடேறி நிற்கும் என்பதுகூடத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. தரைவழிப் போக்குவரத்து, சரக்கு நிர்வாகச் சான்றிதழ். கொழும்பில் 24 ஞாயிறு வகுப்புகள். ‘வெளிநாட்டு அங்கீகாரம்’ என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அண்ணனிடம் காட்டினேன். அவன் அப்போது ஹட்டனில் ஒரு பட்டறையில் இருந்தான், அவசரத்துக்கு லொறியும் ஓட்டுவான். போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"பேப்பர் படிச்சா லொறி ஓடுமா?"

"ஓட்டுறதுக்கு நீ இருக்க. ஓட்டுறவங்கள யாரு பார்க்கிறது?"

"அத பார்க்க எதுக்கு 95 ஆயிரம்?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்குப் பாதிப் பதில் இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

விளம்பரத்தில் போட்ட விலை 95,000. நான் செலவழித்தது அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பதிவு, பரீட்சை என்று தனியாக 22,000 வாங்கினார்கள், அது விளம்பரத்தில் இல்லை. பழைய மடிக்கணினி ஒன்று 55,000. நேரில் போன 14 ஞாயிறுகளுக்குப் பஸ், சாப்பாடு என்று ஒரு தடவைக்கு 1,800 வீதம் 25,200. சனிக்கிழமை இரவுகளில் கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் தங்கினேன், இல்லாவிட்டால் அதுவும் ஒரு செலவு. கடை ஞாயிறும் திறக்கும் கடை. 24 ஞாயிறுக்கு நாளுக்கு 900 வீதம் 21,600 சம்பளத்தில் வெட்டிவிட்டார்கள். கூட்டினால் 2,18,800. அடகு வட்டியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா, 2021இல்தான் அந்த இடத்துக்கு வந்திருந்தது. அதாவது அம்மா 219 நாள் பேர் போட வேண்டிய காசு. ஒரு நாள் சம்பளத்துக்குரிய வேலையைத்தான் தோட்டத்தில் பேர் என்போம். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அப்படிப் பார்த்தால் நாள் இன்னும் நீளும். காசைக் காசாகப் பார்த்தால் இந்தச் செலவின் கனம் எனக்குப் பிடிபடவில்லை. அட்டைக்கடியோடு மலையேறும் நாட்களாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. பணம் கட்டும் முன்பே அப்படிப் பார்த்திருந்தால் மூன்று கேள்வி கூடக் கேட்டிருப்பேன்.

வகுப்பு மோசம் என்று சொல்ல மாட்டேன். பாதியைச் சிங்களத்திலும் பாதியை ஆங்கிலத்திலும் நடத்தினார்கள், கையேடு முழுக்க ஆங்கிலம். என் சிங்களம் ஹட்டன் பஸ் நிலையத்தில் படித்தது, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு முதல் இரண்டு மாதம் திணறினேன். தமிழில் படித்து வருகிறவர்கள் இதையும் ஒரு செலவாகக் கணக்கில் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு தடவை வாசிப்பதை நாம் மூன்று தடவை வாசிக்கிறோம்.

விரிவுரையாளரின் உதாரணங்கள் எல்லாம் துறைமுகத்தில் தொடங்கி அதிவேகப் பாதையில் முடியும். ‘சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம்’ என்பார். எங்கே வைத்துக்கொள்வது? ஹட்டனிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அவர் கணக்குப்படி இரண்டரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். எங்கள் பக்கத்து லொறிக்கு ஐந்து மணித்தியாலம். மழை, பனி என்றால் அதற்கும் மேல். ஒரு தடவை எழுந்து கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்க ஊருக்கு நீங்களே ஒரு எண் கண்டுபிடிங்க" என்றார். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, எனக்குக் கிடைத்த நல்ல வீட்டுப்பாடம் அதுதான்.

பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடிக் கதை எல்லோருக்கும் தெரியும். டீசல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. பஸ் இல்லை. மீதி வகுப்புகள் ஸூமில். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குள், சிக்னல் கிடைக்காது, கோயிலுக்கு மேலே உள்ள திட்டில் குடையோடு உட்கார்ந்து ‘எரிபொருள் முகாமைத்துவம்’ என்ற பாடத்தைக் கேட்டேன். கீழே பெரிய ரோட்டில் லொறிகள் ஓடாமல் வரிசையில் நின்றன. வேடிக்கைதான். ஆனால் அந்தப் பாடம் அப்படி மனதில் பதிந்ததற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம். கியூஆர் முறை வந்து வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஆன பிறகு, ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்று கணக்குப் பார்க்காத முதலாளியே மலையில் இல்லை. அதுவரை அந்தக் கணக்கைக் கேட்டால் டிரைவரைச் சந்தேகப்படுவதாக நினைப்பார்கள்.

சான்றிதழ் கையில் வந்தது 2022 நவம்பரில். தங்க நிற முத்திரை, தடித்த தாள். அடுத்த படியாக டிப்ளோமா செய்யலாமா என்று வேறோர் இடத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. என் சான்றிதழுக்கு அங்கே ஒரு பாட விலக்கும் கிடையாது. ‘வெளிநாட்டு அங்கீகாரம்’ என்றது, வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனத்தோடு இவர்களுக்கு இருந்த ஒப்பந்தத்தை மட்டும்தான். என் தாளுக்கு அந்த நாட்டில் எந்த மதிப்பும் இல்லை, இந்த நாட்டின் தகைமைப் படிவரிசையிலும் அதற்கு இடமில்லை. போய்க் கேட்டேன். "நாங்க அப்படி எழுதித் தரலையே மிஸ்" என்றார்கள். உண்மைதான், எழுதித் தரவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை.

கட்டும் முன் எதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இலங்கையில் தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலை அவர்களுடைய இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். நிறுவனம் பதிவானதா என்பது ஒரு கேள்வி. இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் உண்டா, உண்டென்றால் எத்தனையாவது மட்டம் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ‘ஆம்’ சொல்லி இரண்டாவதை மழுப்புவார்கள். என்.வி.கியூவில் ஏழு மட்டம். 1 தொடக்கம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ‘மட்டம் எத்தனை?’ என்று கேட்டால் பதில் ஓர் எண்ணாக வர வேண்டும். கதையாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

உண்மையில் வெளிநாட்டுப் பெயருள்ள தகைமை இந்தத் துறையில் இல்லாமல் இல்லை. சீ.ஐ.எல்.ரீ என்கிற பட்டய நிறுவனம் 1919இல் இங்கிலாந்தில் தொடங்கியது, அதற்கு இலங்கையிலும் கிளை உண்டு. அதன் சர்வதேசச் சான்றிதழ் 3ஆம் மட்டம், டிப்ளோமா 5, உயர் டிப்ளோமா 6 என்று படி தெளிவாக இருக்கும். ஒரு படியில் ஏறினால் அடுத்தது எது என்று முன்கூட்டியே தெரியும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, சரக்கு நிர்வாகத் துறைக்கு முழுப் பட்டப்படிப்பே இருக்கிறது. எனக்கு இது 2021இல் தெரியாது. லயத்தில் யாருக்குத் தெரியும்? ஃபேஸ்புக் காட்டியதுதான் உலகம்.

இனி வேலைக்கு வருகிறேன். ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், கூப்பிட்டது இரண்டு இடம். இரண்டாவது ஹட்டனுக்குப் பக்கத்தில் 11 லொறி வைத்திருக்கும் ஒரு போக்குவரத்து நிறுவனம். தேயிலை மூட்டைகள் கொழும்புக்குக் கீழே போகும், உரமும் மாவும் அரிசியும் மேலே வரும். முதலாளி வயதானவர். என் சான்றிதழைப் புரட்டக்கூட இல்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு லொறியின் மூன்று மாத ரன்னிங் சார்ட்டை, அதாவது ஓட்டப் பதிவுத் தாள்களை, எடுத்து முன்னால் தள்ளினார்.

"பாருங்க. என்னா தெரியுது?"

பதினைந்து நிமிடம் பார்த்தேன். எழுத்து ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தது. கொழும்பு போய் வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் டீசல் 54 லீற்றர். உரம் ஏற்றிக்கொண்டு மலையேறிய நாளும் 54, வெறும் லொறியாக வந்த நாளும் 54.

"சேர், இது மீற்றர பார்த்து எழுதினது இல்ல. மனச பார்த்து எழுதினது."

"களவா?"

"அத இந்தத் தாள வச்சு சொல்ல முடியாது. டாங்க நிறைய அடிச்சிட்டு மீற்றர் எழுதணும். போயிட்டு வந்தவுடனே திரும்ப நிறைய அடிக்கணும். ரெண்டாவது தடவை எத்தனை லீற்றர் போகுதோ அதுதான் குடிச்சது. லோடோட அஞ்சு தடவை, வெறுசா அஞ்சு தடவை பார்த்தா லொறியோட உண்மையான எண் வந்துரும். பெறகு யாரையும் கேட்கத் தேவையில்ல."

அடுத்த திங்கள் வரச் சொன்னார். மாதம் 45,000, அதோடு ஊழியர் சேமலாப நிதி. முதலாளி பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். ஹாட்வெயார் கடையில் அந்த இரண்டுமே இல்லை.

அப்படியென்றால் சான்றிதழ் வீணா? பல நாள் யோசித்தேன். விண்ணப்பங்களைப் பிரித்த அலுவலகப் பிள்ளை பிறகு என்னிடம் சொன்னாள், வந்ததில் போக்குவரத்து என்று ஏதாவது படித்திருந்தது நான் ஒருத்திதான், அதனால்தான் என் தாளை மேலே வைத்தாளாம். ஆக, தாள் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. நிறைய அடித்து நிறைய அடிக்கிற கணக்கு வகுப்பில் படித்தது. ஏற்றத்துக்கும் வெறும் லொறிக்கும் உள்ள வித்தியாசம் கடையில் படித்தது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்தாலும் அந்த நாற்காலி எனக்கில்லை. ஆனால் வாசல்வரை கொண்டுபோய் விட 2,18,800 கூலி அதிகம். மட்டம் உள்ள ஒரு பாடநெறி அதே காசுக்கு அடுத்த வாசலையும் திறந்திருக்கும்.

சம்பளத்தில் கூடியது மாதம் 20,000. பதினோரு மாதத்தில் போட்டது வந்துவிட்டது என்று காகிதம் சொல்லும். விலைவாசி ஏறிய வேகத்தில் 2022 தொடக்கத்து 25,000உம் 2023இன் 45,000உம் கடையில் ஒரே பையைத்தான் நிரப்பின என்று அம்மா சொல்வார். இரண்டும் சரி.

வேலையில் சேர்ந்த முதல் கிழமை, மூத்த டிரைவர் ஒருவர் யார்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "மிஸ், லொறியில ஏறிப் பார்த்திருக்கீங்களா?" கேலிதான். "ஏத்திட்டுப் போங்கண்ணே, பார்க்கிறேன்" என்றேன். முதலாளியிடம் அனுமதி கேட்டு, தேயிலை லோடு ஒன்றோடு கொழும்புவரை போனேன். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல இறக்கம் வந்தபோது அவர் கியரைக் குறைத்து, எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டார். லொறி முனகிக்கொண்டு மெதுவாக இறங்கியது. பின்னால் வந்த வேன்காரன் ஹோர்ன் அடித்தே ஓய்ந்துபோனான்.

"எந்த கியர்ல ஏறுவோமோ அந்த கியர்ல இறங்கணும் மிஸ். பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா கருகும். கருகின பெறகு மிதிச்சா என்னா, மிதிக்காட்டி என்னா."

அப்போது நாங்கள் ஒரு லொறியைக் கடந்தோம். ஓரத்தில் நின்றது, முன் சக்கரத்திலிருந்து புகை. கருகிய வாசனை கண்ணாடி மூடியிருந்தும் உள்ளே வந்தது. அந்த வருடம், 2023, ஜனவரி 20ஆம் திகதிதான் நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்ல குறுக்குப் பாதையில், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் இறக்கத்தில் கட்டுமீறி வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்திருந்தார்கள். டிரைவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புகைந்த லொறியைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினார். என் 24 ஞாயிறுகளில் இறக்கத்தில் எந்தக் கியர் என்று ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் நேர அட்டவணையில் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்குச் சமமான நேரம் போட்டேன். நேரம் குறைத்துப் போட்டால் பிரேக்கைத்தான் மிதிப்பார்கள், வேறு வழி இல்லை.

சரி, வகுப்பில் படித்ததில் காசாக மாறியது எது என்று கேட்டால், ஒரே ஒரு பாடம். கிலோமீற்றர் செலவு. அது முதலில் உதவியதும் அண்ணனுக்குத்தான்.

2023 நடுவில் அண்ணன் பதினாலரை அடி லொறி ஒன்றை லீசிங்கில் எடுத்தான். வாகன இறக்குமதி 2020இலிருந்து நின்றுபோயிருந்ததால் பழைய லொறிக்கும் யானை விலை. ஹட்டன் – கொழும்பு போய்வர 38,000 என்று ஓடினான். நாலு மாதம் கழித்து லீசிங் தவணைக்கு என்னிடம் கடன் கேட்டான். "நல்லாத்தான் ஓடுது, காசுதான் நிக்க மாட்டேங்குது."

அவன் கணக்கு இது: வாடகை 38,000, டீசல் 16,000, மிச்சம் 22,000. மாதம் எட்டுப் பயணம். நான் கொப்பியைத் திறந்து இரண்டு கோடு போட்டேன். ஒரு பக்கம் ஓடினால் மட்டும் வரும் செலவு, மறுபக்கம் ஓடாவிட்டாலும் வரும் செலவு.

ஓடினால் வருவது: போய்வர 260 கிலோமீற்றர், லீற்றருக்கு 5 கிலோமீற்றர், 52 லீற்றர். அவன் லொறி எடுத்த நேரம் டீசல் 310 ரூபாவை ஒட்டி இருந்தது, அந்த விலைக்கு 16,120. ஆறு டயருக்கு 2,70,000 என்று வைத்து, 45,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 6 ரூபா. ஒரு பயணத்துக்கு 1,560. ஒயில், சேர்விஸ், சில்லறைப் பழுதுக்குக் கிலோமீற்றருக்கு 8 ரூபா, 2,080. மொத்தம் 19,760.

ஓடாவிட்டாலும் வருவது, மாதத்துக்கு: லீசிங் 98,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாவற்றையும் மாதமாகப் பிரித்து 14,000. உதவியாளுக்கு 40,000. நான் கேட்கக் கேட்க இவ்வளவையும் சொல்லிவிட்டு நிறுத்தினான்.

"உன் சம்பளம் எங்க?"

"எனக்கெதுக்கு சம்பளம்? என் லொறி."

"வேற ஒருத்தன வச்சா எவ்வளவு குடுப்ப?"

"அறுவது."

எழுதினேன், 60,000. மொத்தம் 2,12,000. எட்டுப் பயணத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 26,500. ஓடும் செலவோடு சேர்த்தால் 46,260. அவன் வாங்கியது 38,000. ஒவ்வொரு பயணமும் 8,260 ரூபாவை விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கியது அவனுடைய சொந்தச் சம்பளத்தையும் நாளைய டயரையும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதே லொறி மாதம் 12 பயணம் போனால் நிலைச் செலவு ஒன்றுக்கு 17,667ஆகக் குறையும். அப்போது மொத்தம் 37,427. அதாவது 38,000 என்ற விலை தப்பான விலை இல்லை, எட்டுப் பயணத்துக்குத்தான் அது தப்பு. வாடகையைக் கூட்டினால் ஆள் போய்விடுவார்கள் என்று பயந்தான். கூட்டச் சொல்லவில்லை, திரும்பி வரும்போது வெறுமனே வராதே என்றேன். மேலே ஏறும்போது லோடு இருந்தால் டீசல் கூடும், அதையும் எழுதிக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார் என்றேன். இப்போது பெரும்பாலும் கொழும்பிலிருந்து ஏதாவது ஏற்றிக்கொண்டுதான் வருகிறான். டயருக்கென்று தனி சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கிறான், அதை மட்டும் நான் சொல்லவில்லை, அவனாகச் செய்தான்.

‘பேப்பர் படிச்சா லொறி ஓடுமா’ என்று அதற்குப் பிறகு அவன் கேட்டதில்லை. நானும் அதை ஞாபகப்படுத்தவில்லை. ஏனென்றால் அவன் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. லொறி ஓட்டப் போகிற ஒரு பையனுக்கு என் சான்றிதழ் தண்டச் செலவு. அவனுக்கு முதல் தாள் சாரதி அனுமதிப்பத்திரம். கனரக வாகனத்துக்கு 21 வயதாக வேண்டும், இலேசு வாகன அனுமதி எடுத்து இரண்டு வருடம் போயிருக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். இரண்டு வருடம் எப்படியும் காத்திருக்க வேண்டும் என்பதால், 18 வயதானவுடனே இலேசு வாகனத்தை எடுத்து வைத்துவிடுவதுதான் புத்தி. அண்ணன் அதை 22 வயதுவரை தள்ளிப்போட்டு, மூன்று வருடத்தைச் சும்மா தொலைத்தான்.

பட்டறையில் அவன் ஆறு வருடம் கிரீஸ் கையோடு வேலை பார்த்திருந்தான், கையில் ஒரு தாளும் இல்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் ஆர்.பி.எல் முறையில் மோட்டார் வாகன மெக்கானிக்குக்கு என்.வி.கியூ எடுத்தான். திரும்ப வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வேலை செய்த அத்தாட்சிகளைச் சேர்த்துக் கோப்பாக்கி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும். மதிப்பீட்டுக்கு அவன் செலவழித்தது நான் பஸ்ஸுக்குச் செலவழித்ததைவிடக் குறைவு. அந்தத் தாளுக்கு ஓர் எண் இருக்கிறது. என்னுடையதற்கு இல்லை. இதை அவன் மாதம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவான்.

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் மலையில் ஒரு பெண்ணை நம்பி லொறிச் சாவியைக் கொடுக்க இன்னும் ஆளில்லை. அண்ணனுக்கு லைசன்ஸ் திறக்கிற வாசல் எனக்குத் திறக்காது. ஆகவே அலுவலகப் பக்கத்து வாசலுக்கு ஏதோ ஒரு தாள் எனக்கு வேண்டியிருந்தது. தாள் எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. எந்தத் தாள் என்பதில்தான் ஏமாந்தேன்.

வெளிநாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ட்றக் ஓட்டலாம், இந்தக் கோர்ஸைச் செய்தால் போதும் என்று ஹட்டனில் ஒருவர் அண்ணனிடம் முற்பணம் கேட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை டிரைவருக்குத் தனியான தகைமை வேண்டும், ஒவ்வொரு 5 வருடத்துக்கும் 35 மணித்தியாலப் பயிற்சியும் எடுக்க வேண்டும். அதை அங்கேதான் முடிக்க வேண்டும். ஞாயிறு வகுப்புத் தாளைக் காட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. அவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கத்தைக் கேட்கச் சொன்னேன். அண்ணன் கேட்டான். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

போன வாரம் பக்கத்து லயத்துத் தங்கச்சி ஒருத்தி வந்தாள். உயர்தரம் முடித்தவள். 1,40,000 ரூபாவுக்கு ஒரு போக்குவரத்துக் கோர்ஸ், கையேட்டில் அதே தங்க முத்திரை. மூன்று விஷயம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். என்.வி.கியூ மட்டம் எத்தனை, பதிவு, பரீட்சை எல்லாம் சேர்த்துக் கடைசி விலை எவ்வளவு, இதற்கு முன் படித்த இருவரோடு போனில் பேச முடியுமா. மூன்றையும் எழுத்தில் தரச் சொல் என்றேன். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

நேற்று திரும்பி வந்தாள். கடைசி விலை வந்துவிட்டது, 1,71,000. படித்தவர் ஒருவரின் நம்பர் கொடுத்தார்களாம். மட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் நேரில் வந்தால் விளக்குகிறோம் என்றார்களாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பத்தாயிரம் கட்டணுமாம் அக்கா. இல்லாட்டி இடம் போயிருமாம்."

"சரி. அப்போ நீ சனிக்கிழமை போய்க் கேளு."